ஆழ்வாரா? ஆள்வாரா? ஆல்வாரா? ஒரு ஊர்ப் பெயர் படும் பாடு!

தூத்துக்குடி மாவட்டத்தில், தாமிரபரணிக் கரையில் இருக்கிறது ஆழ்வார்திருநகரி. நம்மாழ்வார் அவதரித்த ஊர். பழைய பெயர் திருக்குருகூர்.

ஊர் ஒன்றுதான். பெயரும் ஒன்றுதான். ஆனால் அது ஆளுக்கு ஒரு மாதிரி வாயில் வருகிறது!

நெல்லையில் இருந்து திருச்செந்தூர் போகிற ரெயிலில் உட்கார்ந்து காது கொடுத்தால் போதும். "அண்ணாச்சி, ஆள்வார்திருநரி வந்தாச்சா?" என்பார் உள்ளூர் பெரியவர். பள்ளிக்கூடத்துப் பிள்ளை நாக்கை மடித்து "ஆழ்வார்" என்று அழுத்திச் சொல்லும். நவதிருப்பதி பார்க்க வந்த வடநாட்டுக்காரர் "ஆல்வார்" என்பார்.

ஆங்கில எழுத்தைப் பார்த்துப் படிப்பவர் பாடு இன்னும் வேடிக்கை. ஆழ்வார் என்பதை வழக்கமாக ஏ-எல்-டபிள்யூ-ஏ-ஆர் என்று எழுதுகிறார்கள். ராஜஸ்தானில் "அல்வர்" என்று ஒரு ஊர் இருக்கிறது. அதற்கும் இதே ஐந்து எழுத்துதான்!

இதில் எது சரி? எது தவறு? இந்தச் சண்டை டீக்கடையோடு போனால் பரவாயில்லை. சர்க்கார் ஆபீஸ் வரைக்கும் போய்விட்டது. அதுதான் விஷயம்.

நாக்கு செய்த குற்றமா?

முதலில் "ழ" விவகாரத்தைப் பார்ப்போம்.

தென் மாவட்டங்களில் பேச்சில் "ழ" வந்தால் பலர் வாயில் அது "ள" ஆகிவிடும். மழை "மளை" ஆகும். வாழைப்பழம் "வாளப்பளம்" ஆகும். யாழ்ப்பாணத்துப் பேச்சிலும் இதே கதைதான். சென்னைப் பேச்சில் "ய" ஆகி, "வாயப்பயம்" என்று விற்பனைக்கு வரும்.

இதற்காக யாரையும் பிடித்துக் கேலி செய்ய வேண்டாம். ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு நாக்கு. எழுதும்போது "ழ" போடுகிறார்களா? போடுகிறார்கள். அது போதும்.

தமிழ் எழுத்திலேயே கூட ஊருக்கு இரண்டு பெயர் ஓடுவது உண்டு. பக்கத்து ஊரை ஒருவர் "ஸ்ரீவைகுண்டம்" என்று எழுதுகிறார். இன்னொருவர் "திருவைகுண்டம்" என்கிறார். இரண்டு பேருமே சரியான ஸ்டேஷனில்தான் இறங்குகிறார்கள்!

டியூட்டிகொரின் வந்தது எப்படி?

அடுத்தது தூத்துக்குடி. இதை "டியூட்டிகொரின்" ஆக்கியது யார்?

கடல் வழியாக வந்தவர்கள்தான். 16-ம் நூற்றாண்டில் முத்துக்காக போர்த்துகீசியர்கள் வந்தார்கள். 1658-ல் டச்சுக்காரர்கள் பிடித்தார்கள். பிறகு இங்கிலீஷ்காரர்கள் வந்தார்கள். "குடி"யில் இருக்கிற "டி" அவர்கள் காதில் "ரி" என்று விழுந்தது. கடைசியில் ஒரு "ன்" ஒட்டிக்கொண்டது. குடி, "கொரின்" ஆகிவிட்டது.

இது தூத்துக்குடிக்கு மட்டும் நடந்தது அல்ல. 1620-ல் டேனிஷ்காரர்கள் வந்து இறங்கிய தரங்கம்பாடியைப் பாருங்கள். "பாடி"யில் உள்ள "டி"யும் இப்படியே "ர்" ஆகி, "டிராங்குபார்" என்று பெயர் வந்தது. ஒரே வியாதி. இரண்டு ஊர்!

அதற்கும் முன்னால் போனால், கொற்கை. பாண்டியர்களின் முத்துத் துறைமுகம். சுமார் 2 ஆயிரம் வருஷத்துக்கு முன்பே அதை கிரேக்க மாலுமி "கொல்கோய்" என்று எழுதி வைத்தான். "ற்" அவனுக்கு "ல்" ஆகிவிட்டது.

ஆனால் எல்லாப் பழியையும் வெள்ளைக்காரன் தலையில் போட்டால் அது நியாயம் இல்லை. திருநெல்வேலியை "டின்னவெல்லி" என்று எழுதினானே, அது முழுக்க அவன் கற்பனையா? நம் ஜனங்கள் பேச்சில் "திருநவேலி", "தின்னவேலி" என்றுதான் சொன்னார்கள். காதில் விழுந்ததை அவன் எழுதினான்.

நாம் மட்டும் என்னவாம்?

நாமும் அடுத்தவர் பெயரை அப்படியே விட்டுவிடவில்லை.

ஹாலந்து நமக்கு "ஒல்லாந்து" ஆயிற்று. ஆழ்வார்திருநகரிக்கு அடுத்த ரெயில் நிலையம் நாசரேத். ஏசுநாதர் வளர்ந்த ஊரின் பெயர். அந்த மூல ஊரில் வசிக்கும் அரபு மக்கள் அதை "அந்நாசிரா" என்பார்கள். நம் நாசரேத்காரர் அங்கே போய் ஊர்ப் பெயரைச் சொன்னால், அவர்கள் ஒரு நிமிஷம் முழிக்கத்தான் செய்வார்கள்!

தூத்துக்குடிக்குப் பக்கத்தில் சாயர்புரம் இருக்கிறது. சாமுவேல் சாயர் என்பவர் பெயரால் வந்த ஊர். ஆங்கிலத்தில் எழுதிய பெயரை வெளியூர்க்காரர் எழுத்துக் கூட்டிப் படித்தால் "சாவ்யர்புரம்" என்று வரும். படிக்காத உள்ளூர் கிழவி "சாயர்புரம்" என்பாள். கிழவி சொல்வதுதான் சரி!

ஊர்ப் பெயருக்கு முதல் சாட்சி ஊர்க்காரன் வாய். எழுத்து எல்லாம் அதற்குப் பிறகுதான்.

1,018 ஊர், 8 நாள்!

இந்தச் சின்ன உண்மையை மறந்ததால் 2020-ல் ஒரு கூத்து நடந்தது.

தமிழில் சொல்வது போலவே ஆங்கிலத்திலும் ஊர்ப் பெயர் இருக்க வேண்டும் என்று தமிழக அரசு முடிவு செய்தது. நல்ல எண்ணம்தான். 1,018 ஊர்களுக்கு புது ஆங்கில எழுத்து கொடுத்து உத்தரவு போட்டார்கள். 2020 ஜூன் 10-ந்தேதி அது வெளியே வந்தது.

வந்ததும் ஊரெல்லாம் சிரிப்பு!

வேலூர் பெயரைப் படித்தவர்கள் "வீலூர்" என்று படித்தார்கள். நெடில் "ஏ"வுக்காக ஆங்கிலத்தில் இரண்டு "இ" போட்டிருந்தார்கள். ஆங்கிலம் தெரிந்தவன் அதை "ஈ" என்றுதானே வாசிப்பான்?

கோயம்புத்தூர் கதை அதைவிட மோசம். ஆங்கிலத்தில் இரண்டு "பி" உண்டு. பேனாவுக்கு ஒரு "பி". பஸ்சுக்கு ஒரு "பி". தமிழில் இரண்டுக்கும் ஒரே "ப"தான். ஆனால் "ம்" பக்கத்தில் வந்தால் வாய் தானாகவே பஸ் "பி"யைச் சொல்லும். பம்பரம், கம்பு, கோயம்பேடு எல்லாம் இப்படித்தான். பட்டியலிலோ பேனா "பி"யைப் போட்டுவிட்டார்கள். ஊர்க்காரர்களோ "கோயமுத்தூர்" என்பார்கள். அதில் எந்த "பி"யும் கிடையாது!

தூத்துக்குடிக்கு 14 எழுத்து வந்தது. பழைய டியூட்டிகொரினுக்கு 9 எழுத்து. இப்போது பலரும் தூத்துக்குடி என்று எழுதுவதற்கு 11 எழுத்து போதும். ரப்பர் ஸ்டாம்பு செய்கிறவருக்கு மட்டும் லாபம்!

கண்டனமும் கேலியும் வந்து குவிந்தன. ஜூன் 18-ந்தேதி உத்தரவு வாபஸ். அப்போதைய தமிழ் வளர்ச்சித்துறை அமைச்சர் பாண்டியராஜன், நிபுணர்கள் கருத்தைக் கேட்டு மறுபடியும் வெளியிடுவோம் என்றார். 2021-ல் அந்த ஆட்சியும் போனது.

கோளாறு எங்கே?

எழுத்துக்கு எழுத்து மாற்றினார்கள். ஓசைக்கு ஓசை மாற்றவில்லை. இதுதான் கோளாறு.

தமிழ் தெரிந்தவனுக்கு ஆங்கிலப் பலகை எதற்கு? அவன் தமிழைப் படித்துக்கொள்வான். தமிழ் தெரியாத லாரி டிரைவர், வடநாட்டு யாத்ரீகர், வெளிநாட்டுக் கப்பல்காரர், இவர்களுக்காகத்தான் அந்தப் பலகை. அவர்கள் படித்தால் ஏறக்குறைய நம் ஊர்ப் பெயர் வர வேண்டும். அவ்வளவுதான் தேவை.

கர்நாடகத்தில் 2014 நவம்பர் 1-ந்தேதி 12 ஊர்களின் ஆங்கிலப் பெயரை மாற்றினார்கள். பெங்களூர் "பெங்களூரு" ஆயிற்று. மைசூர் "மைசூரு" ஆயிற்று. கன்னடக்காரர் பேசும்போது கடைசியில் என்ன "உ" வருகிறதோ, அதைச் சேர்த்தார்கள். அது நின்றுவிட்டது. 12-ல் ஆரம்பித்தார்கள். நாம் 1,018-ல் ஆரம்பித்தோம்!

உலகத்திலும் இதே பேச்சுதான். 2022-ல் துருக்கி, "எங்கள் வாயில் வருகிறபடி துர்க்கியே என்று எழுதுங்கள்" என்று கேட்டது. ஐ.நா. சபை ஒத்துக்கொண்டது. உக்ரைன் தலைநகரை ரஷியப் பேச்சுப்படி "கியெவ்" என்பதா, உக்ரைன் பேச்சுப்படி "கியிவ்" என்பதா என்பது யுத்த காலத்தில் மானப் பிரச்சினையாகவே ஆகிவிட்டது.

நஷ்டம் யாருக்கு?

பெரிய மனிதர்களுக்கு இதில் நஷ்டம் இல்லை. சாதாரண ஜனங்களுக்குத்தான்.

பிறப்புச் சான்றிதழில் ஊர்ப் பெயர் ஒரு எழுத்தில் இருக்கும். பள்ளிச் சான்றிதழில் வேறு எழுத்து. ஆதாரில் மூன்றாவது எழுத்து. வளைகுடா நாட்டுக்கு வேலைக்குப் போக பாஸ்போர்ட் கேட்டு ஒரு பையன் வருவான். "இரண்டும் ஒரே ஊரா? பிரமாணப் பத்திரம் கொண்டு வா" என்று ஏதாவது ஒரு மேஜையில் சொல்வார்கள். நோட்டரிக்குச் செலவு. ஒரு நாள் கூலி போச்சு.

"ழ"வை எப்படி எழுதுவது என்று பண்டிதர்கள் இடையே தகராறு. ஒருவர் "எல்" என்கிறார். ஒருவர் "இசட்-எச்" என்கிறார். அதற்குக் கூலியை இழப்பவன் அந்தப் பையன்!

பார்சல் கதையும் உண்டு. சென்னை வளசரவாக்கம் பக்கத்தில் "ஆழ்வார்திருநகர்" இருக்கிறது. ஆங்கிலத்தில் கடைசி ஒரு எழுத்துதான் வித்தியாசம். செல்போனில் அவசரமாகத் தட்டினால், 600 கிலோ மீட்டர் தள்ளி நிற்பீர்கள்.

இந்தக் குழப்பத்துக்குத் தபால்காரர்கள் எப்போதோ வழி கண்டுபிடித்துவிட்டார்கள். 1972 ஆகஸ்ட் 15-ந்தேதி "பின்கோடு" வந்ததே, எதற்காக? ஒரே மாதிரி ஊர்ப் பெயர், பல மொழி, தப்பான எழுத்து, இவற்றைச் சமாளிக்கத்தான். ஆழ்வார்திருநகரி என்றால் 628-ல் ஆரம்பிக்கும். சென்னை ஆழ்வார்திருநகர் என்றால் 600-ல் ஆரம்பிக்கும். எண்ணுக்கு உச்சரிப்புச் சண்டை கிடையாது!

ஆனால் குறியீடும் முழு மருந்து இல்லை. தூத்துக்குடி விமான நிலையத்துக்கு டி.சி.ஆர். என்று குறியீடு. ரெயில்வேயில் அதே டி.சி.ஆர். கேரளாவின் திருச்சூர்!

செய்ய வேண்டியது என்ன?

மறுபடியும் பட்டியல் போடுகிற நாள் வந்தால், நாலு காரியம் செய்தால் போதும்.

1. ஊர்க்காரர் வாயைக் கேளுங்கள். தலைமை ஆசிரியர், தபால்காரர், பஸ் கண்டக்டர் மூன்று பேரை உட்காரவைத்துக் கேட்டால் பாதி வேலை முடிந்தது.

2. தமிழ் தெரியாத ஒருவரிடம் புது எழுத்தைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அவர் "வீலூர்" என்று படித்தால், பட்டியலை அங்கேயே கிழித்துப் போடலாம். இந்தப் பரீட்சைக்குக் காலணா செலவு இல்லை.

3. முடிவான எழுத்து ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். ரெயில்வே, தபால், பத்திரப்பதிவு, பள்ளிக்கூடம், எல்லா இடத்திலும் அதே எழுத்து.

4. பழைய எழுத்து உள்ள சான்றிதழும் செல்லும் என்று உத்தரவிலேயே எழுதிவிடுங்கள். நோட்டரி வாசலில் ஜனங்களை நிறுத்தாதீர்கள்.

மெட்ராஸ் 1996-ல் சென்னை ஆனது. ஐகோர்ட்டும் பல்கலைக்கழகமும் இன்றைக்கும் ஆங்கிலத்தில் "மெட்ராஸ்" என்றே இருக்கின்றன. வானம் இடிந்து விழவில்லை. பழையதும் புதியதும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கலாம். எது எதற்குச் சமம் என்பது சட்டத்தில் தெளிவாக இருந்தால் போதும்.

ஆழ்வார் என்பாரும் சொல்லட்டும். ஆள்வார் என்பாரும் சொல்லட்டும். வடநாட்டு யாத்ரீகர் ஆல்வார் என்றாலும், பெருமாள் கோவிச்சுக்கப் போவதில்லை.

வாய்க்கு எத்தனை பெயர் வேண்டுமானாலும் இருக்கட்டும். காகிதத்துக்கு மட்டும் ஒன்றே ஒன்று போதும்!