திரையில் நம்மவர்: தீர்ப்பு வேறு, விமர்சனம் வேறு

ஈழத்தமிழர் ஒருவர் திரையில் தோன்றினால் போதும், நம்மிடையே ஒரு கேள்வி முந்திக்கொண்டு எழுகின்றது. 'இது நமக்குச் சார்பானதா, எதிரானதா?' அதற்கு விடை கிடைத்ததும் விமர்சனம் முடிந்துவிட்டதாகப் பலரும் கருதுகின்றனர். அந்தப் பாத்திரம் உயிருள்ள மனிதனாக நடமாடுகின்றதா, அதன் வாயில் வரும் தமிழ் எந்த ஊர்த் தமிழ், கதை எதனைச் சொல்லாமல் விடுகின்றது என்பன பற்றிப் பேச்சே எழுவதில்லை. பல ஆண்டுகளாகப் பத்திரிகைப் பக்கங்களுக்குத் திரை விமர்சனங்களை எழுதியும் செப்பனிட்டும் வந்தவன் என்ற முறையில், இந்தப் பழக்கத்தினால் இழப்பு நமக்கே என்று கருதுகின்றேன்.

'த ஃபமிலி மேன்' தொடரின் இரண்டாம் பருவத்தை எடுத்துக்கொள்வோம். அது 2021 ஜூன் 4ஆம் திகதி அமேசன் பிரைமில் வெளியானது. முன்னோட்டம் மட்டுமே வெளிவந்திருந்த மே மாதத்திலேயே அதனைத் தடை செய்யுமாறு தமிழ்நாடு அரசு மத்திய அரசுக்குக் கடிதம் அனுப்பியிருந்தது. தொடரைப் பார்க்கும் முன்னரே தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது. பார்த்த பின் கேட்டிருக்க வேண்டிய கேள்விகளோ வேறு. சமந்தா ஏற்ற ராஜி என்ற பாத்திரத்தின் இறுக்கமும் மௌனமும் மனதில் நிற்பவை. ஆனால் அவளது முகத்திற்கு ஏன் கருமை பூச வேண்டும்? ஈழப் போராளிகளைப் பாகிஸ்தானிய உளவாளியுடன் கூட்டுச் சேர்த்தது வரலாற்றின் தேவையா, கதையின் வசதியா? கதையின் வசதி என்பதே என் எண்ணம். தடை கோருவதைவிட இதனை எடுத்துச் சொல்வது வலுவான கண்டனமாக இருந்திருக்கும்.

மறுபுறத்தில், நம்மைப் புகழும் படமென்றால் நமது கண்கள் மூடிக்கொள்கின்றன. 2025 மே முதலாம் திகதி வெளியான 'டூரிஸ்ட் ஃபமிலி' அதற்குச் சான்று. அபிஷன் ஜீவிந்த் என்ற இளைஞரின் முதற்படம் அது. பொருளாதார நெருக்கடியினால் கடல் கடந்து தமிழகம் சென்ற ஒரு குடும்பத்தின் கதை. சசிகுமாரும் சிம்ரனும் நடித்துள்ளனர். வாய் திறந்தால் பேச்சே காட்டிக்கொடுத்துவிடும் என்று அக்குடும்பம் அஞ்சி ஒடுங்கும் இடங்கள் அருமையானவை. ஒரே மொழி பேசும் மண்ணில் அந்த மொழியே ஆபத்தாகிவிடும் நிலையை நகைச்சுவையினூடாகச் சொல்லிவிடுகின்றார் இயக்குநர்.

ஆயினும், அந்தக் குடும்பத் தலைவன் மனிதனாக அன்றி, தெருவாரின் துயரங்களையெல்லாம் தீர்த்துவைக்கும் மகானாகவே வருகின்றான். அகதி நல்லவனாக இருந்தால்தான் அவனுக்கு இடம் உண்டா? சினம் கொள்ளும், பொய் சொல்லும், சாதாரணமான அகதிக்கு இடமில்லையா? 2022இல் மெய்யாகவே தனுஷ்கோடிக் கரையில் வந்திறங்கியவர்கள் மண்டபம் முகாமுக்குத்தான் கொண்டுசெல்லப்பட்டார்கள். அந்த முகாம் வாழ்க்கையை இப்படம் தொடவில்லை. நெகிழ்ந்து கண்ணீர் விட்ட நாம் இதைக் கேட்கவும் இல்லை.

விழாக்களில் விருது பெற்ற படங்களுக்கும் விதிவிலக்கு இல்லை. ஜாக் ஓடியார் இயக்கிய 'தீபன்' 2015இல் கான் விழாவின் தங்கப் பனை விருதைப் பெற்றது. எழுத்தாளர் ஷோபாசக்தி அதன் நாயகன். மூன்று அந்நியர்கள் குடும்பமாக நடித்து, நடிப்பு மெல்ல மெல்ல உறவாக மாறும் பகுதிகள் உலகத் தரமானவை. ஆனால் முடிவில் அந்த முன்னாள் போராளி மீண்டும் ஆயுதம் தூக்குகின்றான். பாரிஸ் புறநகர் போர்க்களமாகின்றது. போரிலிருந்து வந்தவனின் கதை போரில்தான் முடிய வேண்டும் என்று பிரெஞ்சு இயக்குநர் எண்ணியது பெருங்குறை. விருது கிடைத்த பெருமிதத்தில் இதனைச் சொல்ல நம்மில் பலர் தயங்கினோம்.

தீபா மேத்தாவின் 'ஃபனி போய்' 2020இல் வந்தபோது, அதன் தமிழ் உச்சரிப்பைக் கேட்டு நம்மவர் கொதித்தெழுந்தனர். அந்தக் கோபம் முற்றிலும் நியாயமானது. நமது பேச்சில் 'அவர் எனக்குப் பேசிப்போட்டார்' என்றால் ஏசிவிட்டார் என்று பொருள். உரையாடுவதற்குக் 'கதைத்தல்' என்ற சொல் உண்டு. இந்த வேறுபாட்டை அறியாதவர் எழுதும் வசனத்தில் குடும்பமொன்றின் உயிர் எப்படி இருக்கும்? ஆனால் அதே கண்டிப்பை நமக்கு உவப்பான படங்களிடமும் காட்ட வேண்டாமா? யாழ்ப்பாணத்துப் பேச்சும், மட்டக்களப்புப் பேச்சும், மலையகப் பேச்சும் ஒன்றல்ல. 'தெனாலி' தொடங்கிய காலத்திலிருந்து தமிழகத் திரைக்கு அவை எல்லாம் ஒரே 'இலங்கைத் தமிழ்'தான்.

சிங்கள இயக்குநரான பிரசன்ன விதானகேயின் 'பரடைஸ்' பூசான் விழாவில் 2023இல் கிம் ஜிசோக் விருதைப் பெற்றது. 2022 நெருக்கடியின்போது, இராமாயணத் தலங்களைப் பார்க்க வந்த கேரளத் தம்பதியர் தம் பொருட்களைப் பறிகொடுக்கின்றனர். அவர்களின் முறைப்பாட்டுக்காகப் பொலிஸார் மலையகத் தமிழர் சிலரைப் பிடிக்கின்றனர். ஒருவர் அடியுண்டு இறக்கின்றார். மடிக்கணினி ஒன்றின் விலை ஓர் உயிரின் விலையைவிட அதிகமாகிப்போவதை இவ்வளவு அமைதியாகச் சொன்ன படத்தை அண்மையில் நான் பார்க்கவில்லை. அங்கும் அந்தத் தொழிலாளர்கள் அதிகம் பேசுவதில்லை என்ற குறை உண்டு. ஆனால் நம்மவர் எத்தனை பேர் இப்படத்தைப் பற்றி எழுதினார்கள்? சார்பு, எதிர்ப்பு என்ற இரு பெட்டிகளிலும் அடங்காத படம் என்பதால், அது பேசப்படாமலே கடந்துபோனது.

இந்தப் புறக்கணிப்பு புதியதன்று. தர்மசேன பத்திராஜ யாழ்ப்பாணத்தில் எடுத்த 'பொன்மணி' 1977இல் வெளிவந்தது. சாதியையும் சீதனத்தையும் நேர்நின்று கேட்ட அந்தப் படத்திற்கு அன்று திரையரங்கில் வரவேற்பு இல்லை. காலம் கடந்த பின்னரே அதன் அருமை உணரப்பட்டது. இன்று யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் குறைந்த வசதிகளுடன் படமெடுக்கும் இளைஞர்களைக் காண்கின்றேன். நாம் தீர்ப்பு மட்டுமே வழங்குவோம் என்று அவர்கள் கண்டுகொண்டால், தீர்ப்புக்குத் தப்பும் படங்களைத்தான் எடுப்பார்கள். சீதனம், சாதி, இயக்கங்களின் தவறுகள், வெளிநாட்டுப் பணம் வீடுகளில் செய்யும் மாற்றங்கள் எவையும் திரைக்கு வரமாட்டா. நமது கதையை நாமே சொல்லாவிட்டால் மும்பாயும் பாரிஸும் சொல்லும். பிறகு உச்சரிப்புச் சரியில்லை என்று நாம் கடிதம் எழுதிக்கொண்டிருக்கலாம்.

ஆகவே ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிஸிலும் வாழும் வாசகர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். முன்னோட்டத்தைப் பார்த்துக் கொதிக்க வேண்டாம். விருதைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். நம் இளைஞரின் சிறிய படம் உங்கள் நகருக்கு வரும்போது நுழைவுச்சீட்டு வாங்கி, இறுதிவரை இருந்து பாருங்கள். பின்னர் அதில் எது மெய், எது பொய் என்று நாலு வரி எழுதுங்கள். கடுமையாகவே எழுதுங்கள். பார்த்துவிட்டு எழுதிய கடுஞ்சொல், பாராமல் சொன்ன பாராட்டைவிட ஒரு கலைஞனுக்கு மேலானது.