ஒரு படம் கேட்டால் பீரோ சாவியையே கொடுப்பதா?



போன வாரம் என் பழைய மாணவன் ஒருவன் மேல்பட்டாம்பாக்கத்தில் நம் வீட்டுக்கு வந்தான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. வாட்ஸ்அப்பில் வந்த லிங்க்கைத் தட்டி ஒரு கடன் செயலியை இறக்கி, எட்டாயிரம் ரூபாய் வாங்கியிருக்கிறான். தவணை இரண்டு நாள் தள்ளிப்போனது. உடனே அவன் போனில் இருந்த மனைவியின் படத்தை எடுத்து, ஆபாசமாக மாற்றி, தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பிவிட்டார்கள். (அவனிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். யார் என்று துருவாதீர்கள்.)

இதைச் சொன்னதும் நம் உறவினர் ஒருவர் கேட்கிறார்: "அனுமதி கொடுத்தது அவன்தானே?"

அது அனுமதியா? ஆளை அடையாளம் காண ஒரு செல்ஃபி போதும். கேலரி முழுவதும் எதற்கு? கொடுக்காவிட்டால் அடுத்த பக்கமே திறக்காது. கழுத்தில் துண்டைப் போட்டு வாங்குவதற்குச் சம்மதம் என்று பெயரா?

வேறு வழியில்லை என்றும் சொல்ல முடியாது. ஐபோனில் 2020 முதலே, தேர்ந்தெடுத்த படங்களை மட்டும் கொடுக்கலாம். ஆண்ட்ராய்டில் 2022இல் வந்த 13ஆம் பதிப்பு, படம் பொறுக்கும் பலகையைத் தானே காட்டுகிறது. நாம் தொட்ட படம் மட்டும் செயலிக்குப் போகும். மற்றவை அதன் கண்ணிலேயே படாது. இத்தனை இருந்தும் மொத்தமாகக் கேட்கிறவனுக்கு நோக்கம் வேறு.

சட்டமும் தூங்கவில்லை. வங்கிகள், நிதி நிறுவனங்களின் கடன் செயலிகள் போனில் உள்ள படங்களையும் தொடர்பு எண்களையும் தொடக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பர் 2ஆம் தேதியே சொல்லிவிட்டது. கூகுளும் தன் பிளே ஸ்டோரில் 2023 மே 31 முதல் தனிநபர் கடன் செயலிகளுக்கு இதைத் தடுத்துவிட்டது. கேட்டதே தப்பு என்றிருக்கும்போது, கொடுத்தவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறோம்!

"மறைக்க என்னிடம் என்ன இருக்கிறது சார்?" என்பார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். அன்று இரவு போன் அமைப்புகளைத் திறந்து பார்த்தால், பொங்கல் வாழ்த்து செய்ய இறக்கிய ஒரு செயலிக்கு எல்லாப் படங்களும் திறந்து கிடக்கின்றன. உங்கள் பிள்ளைகளின் காதுகுத்துப் படங்கள், சான்றிதழுக்காக நீங்கள் அனுப்பிய ஆதார் நகல்கள், எல்லாம். அவற்றைக் கொடுக்க நான் யார்? வெட்கமாகிவிட்டது. உடனே மூடினேன். நீங்களும் இன்றே பாருங்கள், உங்கள் போனில் என் பேத்தியும் இருக்கிறாள்.

மாற்றப்பட்ட படம் எதுவும் வந்தால் யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பிய எண்ணைக் குறித்துப் பாதிக்கப்பட்டவரிடம் கொடுங்கள். புகார் எண் 1930.

அவன் ஏன் கடன் வாங்கினான் என்று கீழே கேட்கப்போகிறவர்களுக்கு: மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட.