எடுத்த இடத்தில் வை!

கால் வலிக்கிறதே, அந்த மரத்துண்டில் கொஞ்சம் உட்காரலாம் என்று கையை ஊன்றினேன். சுரீர்! மரமில்லை ஸ்வாமி, கல்!

அமெரிக்காவில், அரிசோனா மாநிலத்தில் 'பெட்ரிஃபைட் ஃபாரஸ்ட்' என்றொரு தேசியப் பூங்கா. பூங்கா என்றதும் சிமென்ட் பெஞ்ச், சுண்டல் எல்லாம் எதிர்பார்க்காதீர்கள். பொட்டல் பாலைவனம். இருபது கோடி வருஷத்துக்கும் முன்னால் ஆற்றோடு வந்து மண்ணில் புதைந்த மரங்களுக்குள் சிலிக்கா மெள்ள மெள்ளப் புகுந்து, மரம் மொத்தமும் கல்லாகிவிட்டது. உடைந்த பக்கத்தைப் பார்த்தால் சிவப்பு, மஞ்சள், ஊதா என்று பட்டுப்புடவைக் கடை விரித்த மாதிரி இருக்கிறது.

பார்த்தவர்களுக்குக் கை அரிக்காதா? அரித்திருக்கிறது. அங்குள்ள மியூசியத்தில், கல்லைச் சுட்டுக்கொண்டு போனவர்கள் பிறகு மன்னிப்புக் கேட்டு எழுதிய கடிதங்களை வைத்திருக்கிறார்கள். எடுத்த நாளிலிருந்து வேலை போச்சு, பெண்டாட்டி போனாள் என்கிற ரகம். கல்லும் கூடவே பார்சலில் வந்துவிடும். ஆனால், அதை மறுபடி பூங்காவுக்குள் வைக்க முடியாது. எந்த இடத்தில் எடுத்தது என்று யாருக்குத் தெரியும்? கண்ட இடத்தில் போட்டால் நாளைக்கு ஆராய்ச்சி செய்ய வருகிறவர் குழம்பிப் போவார். எனவே, தனியாக ஒரு இடத்தில் கொட்டி வைத்திருக்கிறார்கள். பெயர், மனசாட்சிக் குவியல்!

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். கூட வந்த தங்கை மகன் சிரிக்கவில்லை. ஃபீனிக்ஸில் வேலை பார்க்கிறான். இந்த மாதிரி விஷயங்களில் ரொம்ப சீரியஸ்.

அங்கிருந்து மேற்கே ஒரு மணி நேரம். வின்ஸ்லோ ஊருக்குப் பக்கத்தில் ஹோமலோவி. ஹோப்பி பழங்குடி மக்களின் முன்னோர் 1300-களில் வாழ்ந்த கிராமங்கள். பெரிய கிராமத்தில் மட்டும் சுமார் 1,200 அறைகள். 1400 வாக்கில் காலி செய்துகொண்டு வடக்கே மேட்டு நிலத்துக்குப் போய்விட்டார்கள். இப்போது குட்டைச் சுவர்கள், கல் குவியல், நடுநடுவே பள்ளங்கள்.

"பள்ளமெல்லாம் என்னடா?"

"பானை திருடறவங்க தோண்டினது மாமா. அதைத் தடுக்கத்தான் 1986-ல பூங்காவாக்கினாங்க."

"ஓ, அனசாசி ஜனங்களோட பானையா?" (வழிகாட்டிப் புத்தகம் படித்த திமிர்.)

"அந்த வார்த்தை வேணாம் மாமா. அது நவாஹோ மொழி. எதிரிகளோட முன்னோர்ங்கிற மாதிரி அர்த்தம் வரும். ஹோப்பிக்காரங்க 'ஹிசட்சினோம்'னு சொல்வாங்க. இப்பவும் இங்கே வந்து கும்பிட்டுட்டுப் போறாங்க."

தரையெல்லாம் பானை ஓடுகள். மஞ்சள் ஓட்டில் பழுப்புக் கோடு போட்ட ஒன்றைக் கையில் எடுத்தேன். அந்த மஞ்சள் ரகம் வடக்கே, அறுபது மைல் தள்ளி, நிலக்கரி போட்டுச் சுட்டதாம். அது இங்கே கிடப்பதால்தான் இரண்டு ஊருக்கும் கொடுக்கல் வாங்கல் இருந்தது தெரிகிறது. யாரோ ஒரு பெண்மணி நிதானமாக இழுத்த கோடு. அறுநூறு வருஷத்துக்கு மேலாகியும் அழியவில்லை. கட்டைவிரலால் தடவிக்கொண்டே நடந்தேன்.

கார் கதவைத் திறக்கும்போது, "பாக்கெட்ல என்ன மாமா?" என்றான்.

சத்தியமாகச் சொல்கிறேன், எப்போது உள்ளே போட்டேன் என்றே தெரியாது. அவனிடமும் அதைத்தான் சொன்னேன். கடிதம் எழுதியவர்களில் பாதிப் பேராவது இதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

திரும்பிப் போனோம்.

"எங்கே எடுத்தீங்க?"

"இதோ, இந்தச் சுவர்கிட்ட. இல்லை... அந்தப் புதருக்கு அந்தப் பக்கம்."

எல்லாச் சுவரும் ஒரே மாதிரி இருந்தது. எல்லாப் புதரும்கூட. அரை மணி நேரம் வெயிலில் அலைந்துவிட்டுக் கடைசியில் ஒரு சுவரோரமாக வைத்தேன்.

"இங்கேதானா மாமா?"

"இங்கேதான்னு நினைக்கிறேன்."

ஃபீனிக்ஸ் வரும்வரை அவன் பேசவில்லை. நானும் ரேடியோ போடச் சொல்லவில்லை.