எந்தச் செல்லில் உயிர் இருக்கிறது?

மூன்று நாளாக அப்பா யாரோடும் பேசவில்லை.

வீட்டில் விசாரணை கமிஷன் வைத்தோம். "நீங்கதான் ஏதாவது சொல்லியிருப்பீங்க" என்றாள் என் மனைவி. "நேத்து உப்புமா கிண்டினது நீ" என்றேன் நான். அம்மா மட்டும், "உங்கப்பாவுக்குக் கோபம் வந்தா சும்மா இருக்க மாட்டாரு. அன்னிக்குத்தான் ரொம்பப் பேசுவாரு. இது வேற என்னமோ" என்றார். நாற்பத்தைந்து வருட சர்வீஸ். சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

நாலாம் நாள் காலையில் அப்பாவே என்னிடம் வந்தார். "டேய், நாளைக்கு உனக்கு வேலை ஏதாவது இருக்கா? காது டாக்டரைப் பார்த்துட்டு வந்துடலாம். எனக்கு சுத்தமாப் போயிடுச்சுன்னு நெனைக்கிறேன்" என்றார். வழக்கத்தைவிடச் சத்தமாகச் சொன்னார். அந்தச் சத்தத்துக்குள்ளே ஒரு நடுக்கம் இருந்தது.

அப்பாவுக்கு வயது 74. எங்கள் விருத்தாசலத்தில், ஃப்யூஸ் கேரியர் செய்கிற ஒரு பீங்கான் பட்டறையில், சூளைப் பக்கம் நின்றே காலத்தைக் கழித்தவர். (உங்கள் வீட்டு மீட்டர் போர்டில் வெள்ளையாக ஒரு ஃப்யூஸ் கட்டை இருந்தால் ஒரு வணக்கம் சொல்லுங்கள். எங்கள் ஊர்க்காரனாக இருக்கலாம்!) அவர் வைத்திருப்பது சட்டைப் பையில் போடுகிற காது மெஷின். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய டப்பா, ஒரு ஒயர், காதில் ஒரு குமிழ். காதுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிற புது மாடல் வாங்கித் தருகிறேன் என்றால், "இதுல திருகு பெரிசா இருக்குடா. கை நடுங்கினாலும் திருப்பலாம்" என்பார். அந்த மெஷினுக்குத் தீனி ஒரே ஒரு பென்சில் செல். கடையில் டபுள் ஏ என்று கேட்போமே, அந்த சைஸ்.

மெஷினைக் கையில் வாங்கிப் பார்த்தேன். ஏதோ தோன்ற, தெருமுனைக் கடைக்கு ஓடி ஒரு புது செல் வாங்கிவந்து போட்டேன். 'கீய்ய்ய்' என்று ஒரு விசில். அப்பா முகம் சூளையைத் திறந்தது மாதிரி பிரகாசமானது.

"அப்பா! கேக்குதா?" என்று கத்தினேன்.

"ஏண்டா கத்துற? எனக்கென்ன செவிடா?" என்றார்.

* * *

நடந்தது இதுதான். மெஷினில் இருந்த செல் தீர்ந்துவிட்டது. அப்பா மேஜை டிராயரைத் திறந்திருக்கிறார். அதில் ரீசார்ஜ் செல்கள் கிடந்தன. ஒன்றை எடுத்துப் போட்டார், கேட்கவில்லை. இன்னொன்று, ஊஹூம். மூன்றாவது; அதுவும் இல்லை. மூன்றுமே காலி. ஆனால், மூன்று செல்லும் ஒரே சமயத்தில் செத்திருக்கும் என்று யார் நினைப்பார்கள்? காதுதான் செத்துவிட்டது என்று முடிவுகட்டிவிட்டார். எழுபது வயதைத் தாண்டிய மனுஷன் எது ரிப்பேரானாலும் முதலில் தன்னைத்தான் சந்தேகப்படுகிறான். நம்மைத் தொந்தரவு பண்ணக்கூடாது என்று மூன்று நாள் அந்தச் சத்தமில்லாத உலகத்தில் தனியாக உட்கார்ந்திருந்திருக்கிறார்.

டிராயரில் செல்களை அள்ளிப் போட்டவன் அடியேன். நான் பி.காம். ஸ்டாக் ரிஜிஸ்டர் பராமரிப்பு என்ற பாடத்தில் நல்ல மார்க் வாங்கியவன். வெட்கமாக இருந்தது.

எங்கள் வீட்டில் செல் சேர்ந்த கதையே தனி. 2011 டிசம்பர் 30-ம் தேதி தானே புயல் கடலூர் மாவட்டத்தைப் புரட்டிப்போட்டது. பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அடுத்த வருடம் முழுக்க பவர் கட். அப்போது பிடித்த வியாதி. சார்ஜர், இரண்டு செல், நாலு செல் என்று வாங்கிச் சேர்த்தேன். போனது போக இப்போது கையிருப்பு 16. எல்லாம் ஒரே நிறம், ஒரே உயரம், ஒரே மினுமினுப்பு. எது நேற்று சார்ஜ் ஏறியது, எது போன தீபாவளிக்கு ஏறியது என்று பெற்ற தாய்க்குக்கூடத் தெரியாது.

பழைய காலத்து செல்லுக்காவது முகம் இருந்தது. டிரான்சிஸ்டரில் பாட்டு இழுத்தால் செல்லைக் கழற்றி மொட்டைமாடி வெயிலில் காயவைப்போம். பல்லால் கடித்துப் போடுவோம். இன்னும் இரண்டு பாட்டுக்கு உயிர் வரும். ரீசார்ஜ் செல்லிடம் இந்த வைத்தியமெல்லாம் செல்லாது. வெயிலில் வைத்தால் இருக்கிற சார்ஜும் சீக்கிரம் போகும், ஆயுளும் குறையும்.

மீட்டர் வைத்துப் பார்க்கலாமே என்பீர்கள். பார்த்தேன். இந்த நிக்கல் செல் பெரிய கமுக்கம், சார்! முக்கால்வாசி இருந்தாலும் ஏறக்குறைய 1.2 வோல்ட், கால்வாசி இருந்தாலும் ஏறக்குறைய 1.2 வோல்ட். கடைசி நேரத்தில்தான் பொத்தென்று விழும். கடன்காரன் கடைசி நாள் வரை இஸ்திரி போட்ட சட்டையோடு திரிகிற மாதிரி.

போதாக்குறைக்கு, சும்மா வைத்தாலும் குறையும். நிக்கல் காட்மியம் செல்லை 1899-ல் ஸ்வீடன்காரர் யுங்னர் கண்டுபிடித்தார். அதன் தம்பியான நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு 1990 வாக்கில் கடைக்கு வந்தது. இந்தத் தம்பியின் பழைய ரகம் சும்மா கிடந்தாலே மாதத்துக்குக் கால்வாசி வரை சார்ஜைத் தொலைத்துவிடும். 2005-ல் ஜப்பானின் சான்யோ கம்பெனி 'எனிலூப்' என்ற செல்லைக் கொண்டுவந்த பிறகுதான், மாதக்கணக்கில் சார்ஜைப் பத்திரமாக வைத்திருக்கிற ரகம் பரவியது. என் டிராயரில் இரண்டு ரகமும் ஒன்றாகக் கிடந்தன. சிக்கனக்காரனும் ஊதாரியும் ஒரே ரூமில்!

* * *

இதைவிட மோசமான விஷயம் ஒன்று உண்டு. அம்மாவின் பி.பி. மெஷினுக்கு நாலு செல். அதில் ஒன்று மட்டும் நோஞ்சான் என்று வையுங்கள். நாலும் ஒரே வரிசையில் கைகோத்து நிற்கின்றன. நோஞ்சான் முதலில் காலியாகும். மற்ற மூன்றும் நிற்காமல் தள்ளிக்கொண்டே போகும். காலியான செல்லின் உள்ளே கரண்ட் தொடர்ந்து பாய்ந்து, அது தலைகீழாகிவிடும்: பிளஸ் மைனஸாக, மைனஸ் பிளஸாக! அதோடு அதன் கதை ஏறக்குறைய முடிந்தது.

என்னோடு பி.காம். படித்தவர்களுக்கு கார்னர் எதிர் முர்ரே வழக்கு ஞாபகம் இருக்கும். 1904-ம் வருடத்து லண்டன் தீர்ப்பு. கூட்டு வியாபாரத்தில் ஒரு பங்காளி திவாலானால், அவன் துண்டை மற்ற பங்காளிகள் முதல் போட்ட விகிதத்தில் சுமக்க வேண்டும் என்பது அதன் சாரம். மனிதர்கள் பரவாயில்லை. செல்களின் கூட்டு வியாபாரத்தில் திவாலானவனை மற்ற மூவரும் சேர்ந்து கொன்றே விடுகிறார்கள்!

ஆகவே, ஒன்றாக வாங்கியது ஒன்றாகவே உழைக்க வேண்டும். ஒன்றாகவே சார்ஜ் ஏற வேண்டும். அதற்கு யார் யாரோடு பிறந்தவன் என்று தெரிய வேண்டும். அதற்குப் பேர் வைக்க வேண்டும்.

பேர் எழுதுவது நமக்குப் புதுசா என்ன? கல்யாணச் சீர் குடத்திலிருந்து அரை ஆழாக்கு டம்ளர் வரை பாத்திரக் கடையில் பேர் வெட்டி வாங்குகிற ஜாதி நாம். அடுத்த வீட்டுக்குப் பாயசம் கொண்டுபோன கிண்ணம் திரும்பி வருவதே அந்த வெட்டின பேரால்தான்.

எங்கள் ஊர்க் கதை இன்னும் பெரிசு. இங்கே, திருமுதுகுன்றத்தில் கிடைத்த பொன்னை சுந்தரர் மணிமுத்தாற்றில் போட்டு, திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்பது பெரியபுராணம். ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது என்று கேலி பேசுகிறோம். ஆனால் சுந்தரர் போடுவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்தார். அதில் கொஞ்சம் மச்சம் வெட்டிக் கையில் வைத்துக்கொண்டார். குளத்தில் எடுத்ததை அதோடு உரைத்துப் பார்த்தார். மாற்றுக் குறைந்திருந்தது. மறுபடி பாடி, சரிக்கட்டி வாங்கினார். ஆண்டவனே அனுப்பினாலும் கணக்கை ஒத்துப்பார்க்கிற ஆடிட்டர் அவர்! நானோ டிராயரில் போட்டு டிராயரிலேயே தேடினேன். மச்சம்தான் இல்லை.

* * *

வேலையை ஆரம்பித்தேன். முதலில் பையன் நோட்டுப் புத்தக ஸ்டிக்கரை வெட்டி ஒட்டினேன். செல் பருத்துவிட்டது. டார்ச்சுக்குள் போனது வரமாட்டேன் என்றது. தலைகீழாகப் பிடித்துத் தட்டி, டார்ச் கண்ணாடி போனதுதான் மிச்சம். அடுத்து பால்பாயின்ட் பேனா. இரண்டு நாளில் எழுத்து என் விரலில் இருந்தது, செல்லில் இல்லை.

அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார். "நாங்க பட்டறையில பென்சில்ல நம்பர் போட்டா சூளையில எரிஞ்சுபோயிடும்டா. ஆயிரத்து இருநூறு டிகிரி. அதனால உலோகச் சாயத்துல எழுதுவோம். கோபால்ட்ன்னா நீலமா நிக்கும், இரும்புன்னா பழுப்பா நிக்கும். எழுதறது பெரிசில்ல. எந்த நெருப்புக்குப் போகப்போவுதுன்னு தெரிஞ்சு எழுதணும்" என்றார்.

செல்லுக்கு நெருப்பு கிடையாது. கை வியர்வையும் ஸ்பிரிங் உரசலும்தான். மெல்லிய முனை உள்ள பர்மனென்ட் மார்க்கரில் எழுதினோம், நன்றாகக் காயவிட்டோம். அவ்வளவுதான். இரண்டு முனையிலும் மை படக்கூடாது. மேல் உறையைக் கீறக்கூடாது.

எங்கள் விருத்தகிரீஸ்வரர் கோயிலில் கோபுரம் அஞ்சு, பிரகாரம் அஞ்சு, தீர்த்தம் அஞ்சு என்று எல்லாமே அஞ்சு. நாங்களும் அஞ்சு கோஷ்டி பிரித்தோம். 'அ' என்றால் அப்பா மெஷின்: இரண்டு செல், ஒன்று உழைக்க, ஒன்று காத்திருக்க. 'டா' டார்ச்சுக்கு இரண்டு. 'கா' பையனின் காருக்கு நாலு. 'பொ' பொது ரிசர்வ் நாலு. பி.பி. மெஷினின் நாலுக்கு 'ர' என்று எழுதப் போனேன். மூன்றாம் வகுப்பு படிக்கிற என் பையன், "தப்புப்பா! ரகரத்துல தமிழ்ச் சொல் ஆரம்பிக்காது. இரத்தம்னு எங்க மிஸ் சொன்னாங்க" என்றான். ஆகவே 'இ'. ஒவ்வொரு செல்லிலும் எழுத்து, எண், வாங்கிய மாதம், வருடம். கடிகாரத்துக்கும் ரிமோட்டுக்கும் சாதா செல்லே போதும். வருடக்கணக்கில் சொட்டுச் சொட்டாகக் குடிக்கிற ஆசாமிகளுக்கு ரீசார்ஜ் எதற்கு?

ஆனால் இந்த சாதா செல்லை ஒருநாளும் சார்ஜரில் ஏற்றாதீர்கள். ஒழுகும், வெடிக்கவும் கூடும். அதே சைஸில் 3.7 வோல்ட் லித்தியம் செல்லும் கடையில் உண்டு. அது தெரியாமல் காது மெஷினுக்குள் போனால் மெஷின் அம்பேல். பேர் எழுதாத எந்தச் செல்லும் எங்கள் வீட்டில் இப்போது அந்நியன்.

பேர் மட்டும் போதாது. உயிர் இருக்கிறதா என்றும் தெரிய வேண்டுமே? அம்மா இரண்டு ஊறுகாய் ஜாடிகளைத் தியாகம் செய்தார். வெள்ளை ஜாடியில் சார்ஜ் ஏறியது, பழுப்பு ஜாடியில் காலி. எங்கள் ஊர்ப் பொருள் என்ற பாசம் மட்டுமல்ல, பீங்கானில் கரண்ட் பாயாது. தகர டப்பாவில் சில்லறையோடு செல்லைப் போட்டால் இரண்டு முனையும் இணைந்து சூடேறிவிடும். ஃப்யூஸ் கட்டையைப் பீங்கானில் செய்வது ஏன் என்று எனக்குப் புரிந்தது அன்றைக்குத்தான். இத்தனை வருடம் இந்த ஊரில் சாப்பிட்டிருக்கிறேன்!

அப்புறம் ஒரு நாற்பது பக்க நோட்டு. சார்ஜ் ஏறிய தேதி, தீர்ந்த தேதி. இரண்டே பத்தி. மூன்று மாதத்தில் அது ஒரு குற்றவாளியைக் காட்டிக்கொடுத்தது. பி.பி. மெஷின் அடிக்கடி பாதியில் நின்றுபோகும். நாங்கள் மெஷினைத் திட்டுவோம். நாலு செல்லையும் சார்ஜ் ஏற்றி, ஒவ்வொன்றாக டார்ச்சில் ஒரு புது செல்லோடு ஜோடி சேர்த்துப் பார்த்ததில் மூன்று நேர்மையானவை. இ-3 மட்டும் சீக்கிரம் படுத்தது. மேலே 2000 மில்லிஆம்ப் ஹவர் என்று அச்சிட்டிருக்கிறது. அது பிறந்தபோது இருந்த பலம், சார். இப்போதைய பலத்தை நோட்டுதான் சொல்லும். நம்பர் இல்லாவிட்டால் ஒருவன் செய்த தப்புக்கு நாலு பேரும் குப்பைக்குப் போயிருப்பார்கள்.

குப்பைக்கு என்றதும் ஞாபகம் வருகிறது. போகக்கூடாது! 2022-ல் மத்திய அரசு கொண்டுவந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் சின்ன செல்லுக்கும் பொருந்தும். செல் மேல் சக்கரம் வைத்த குப்பைத்தொட்டியைக் குறுக்கே அடித்த படம் போட்டிருப்பது அதற்குத்தான். செத்த செல்களைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு தயாரிப்பாளர்களுடையது. எங்கள் இ-3 இப்போது இரண்டு முனையிலும் டேப் ஒட்டிக்கொண்டு, ஈ-வேஸ்ட் வாங்குமிடம் போக, ஒரு தனி டப்பாவில் காத்திருக்கிறது.

* * *

நோட்டை இப்போது எழுதுவது அப்பா. முத்து முத்தான கையெழுத்து. 'அ-1 எடுத்தேன், அ-2 போட்டேன்' என்று தேதியோடு. காது கேட்காமல் போனால் பழுப்பு ஜாடியா, வெள்ளை ஜாடியா என்று அவரே பார்த்துக்கொள்கிறார். தன்னைச் சந்தேகப்படுவதில்லை. பதினாறு செல்லுக்குப் பேர் வைத்ததில் எனக்குக் கிடைத்த லாபம் இதுதான்.

போன வாரம் சாயங்காலம் மறுபடி அவர் பேசாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். நான் பேசினால் பதிலில்லை. பதறிப்போய் வெள்ளை ஜாடியிலிருந்து அ-2-வை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

அப்பா கையமர்த்தினார். "செல்லு நல்லாத்தான் இருக்கு. பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட பேட்டரியைப் பத்தி நீ ஆரம்பிச்சே பாரு... அப்பவே ஆஃப் பண்ணிட்டேன்" என்றார்.