பத்தாயிரத்தில் எட்டுப் பேர்

“மாத்திரையெல்லாம் வேணாங்க்கா, கேன்சர் வந்துரும்.”

ராத்திரி மூன்று மணிக்கு நெஞ்சிலிருந்து உச்சந்தலை வரை குபீரென்று அனல் ஏறுகிறது. நைட்டி தொப்பலாக நனைந்து, எழுந்து ஃபேனுக்கு அடியில் உட்கார வேண்டியிருக்கிறது. மாதவிடாய் நிற்கும் வயதில் இருக்கும் ஒரு பெண் இதைப் பற்றி வாய் திறந்தால், கிடைக்கிற முதல் பதில் மேலே உள்ளதுதான். பக்கத்து வீட்டில் சொல்வார்கள், மருந்துக்கடையில் சொல்வார்கள், சில டாக்டர்களே சொல்வார்கள். ஹார்மோன் சிகிச்சை என்றாலே மார்பகப் புற்றுநோய் என்ற இந்த நம்பிக்கைக்கு ஒரு பிறந்த தேதி உண்டு: 2002 ஜூலை.

அமெரிக்க அரசு நிதியில் நடந்த ‘விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்’ ஆய்வின் ஒரு பிரிவில் 16,608 பெண்கள் இருந்தார்கள். ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் கலந்த மாத்திரை பாதிப் பேருக்கு, வெற்று மாத்திரை மீதிப் பேருக்கு. எட்டரை வருடம் நடக்க வேண்டிய ஆய்வைச் சராசரியாக 5.2 வருடத்திலேயே நிறுத்தினார்கள். மார்பகப் புற்றுநோய் 26 சதவீதம் கூடியது என்பது செய்தியானது. 26 சதவீதம் என்றால் நூறு பேரில் 26 பேருக்கு வரும் என்று கேட்டவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

உண்மைக் கணக்கு வேறு. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் வருடத்துக்குப் பத்தாயிரத்தில் 30 பேருக்கு அந்த நோய் வந்தது. ஹார்மோன் சாப்பிட்டவர்களில் 38 பேருக்கு. வித்தியாசம் எட்டு. அதே பத்தாயிரம் பேரில் இடுப்பெலும்பு முறிந்தவர்கள் ஐந்து பேர் குறைந்தார்கள், பெருங்குடல் புற்றுநோய் ஆறு பேருக்குக் குறைந்தது. இவை தலைப்புச் செய்தியாகவில்லை. பக்கவாதமும் நுரையீரலில் ரத்தக்கட்டும் தலா எட்டு கூடின. அதையும் மறைக்கக் கூடாது.

எட்டு என்பது பூஜ்யம் ஆகாது. 2019இல் ‘லான்செட்’ இதழில் வந்த பெரிய தொகுப்பாய்வு, ஐம்பது வயதில் தொடங்கி ஐந்து வருடம் கலப்பு மாத்திரையைத் தினமும் சாப்பிட்டால், அடுத்த இருபது வருடத்தில் ஐம்பது பெண்களுக்கு ஒருவர் வீதம் கூடுதலாக நோய் வரும் என்று மேலைநாட்டுக் கணக்கில் சொல்கிறது. ஆக, ஆபத்தே இல்லை என்பவரும் தப்புதான். அளவு தெரியாமல் பயப்படுவதைத்தான் நான் மறுக்கிறேன்.

அடுத்து, அந்த ஆய்வில் யார் இருந்தார்கள்? சராசரி வயது 63. மூன்றில் இரண்டு பங்குப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள். அனல் அடங்கிப் பல வருடம் ஆனவர்கள். முதுமையில் இதய நோயைத் தடுக்க ஹார்மோன் உதவுமா என்பதுதான் ஆய்வின் கேள்வி. உதவாது என்று தெளிவாகப் பதில் வந்தது, அது செல்லும். நாற்பத்தெட்டு வயதில் தூக்கம் கெட்டுத் தவிக்கிறவர் கேட்பது அந்தக் கேள்வியையே அல்ல. மாதவிடாய் நின்று பத்து வருடத்துக்குள், அறுபது வயதுக்குள் தொடங்குபவர்களுக்கு நன்மையின் தட்டு பொதுவாகத் தாழ்கிறது என்பதே இன்றைய மருத்துவ வழிகாட்டிகளின் நிலை.

‘ஹார்மோன்’ என்று ஒரே பொட்டலமாகக் கட்டிப் பேசுவதும் சரியில்லை. அந்த ஆய்வில் கொடுத்த ஈஸ்ட்ரோஜன், சினைப்பட்ட குதிரைகளின் சிறுநீரிலிருந்து எடுத்தது. இன்று தோலில் ஒட்டும் பேட்ச் இருக்கிறது, ஜெல் இருக்கிறது. கல்லீரல் வழியாகப் போகாததால் இவற்றில் ரத்தக்கட்டு அபாயம் மாத்திரையைவிடக் குறைவு. இன்னொரு சங்கதி: கர்ப்பப்பை எடுத்த 10,739 பெண்களுக்குத் தனி ஈஸ்ட்ரோஜன் கொடுத்துப் பார்த்த பிரிவில் மார்பகப் புற்றுநோய் குறைந்தது. இருபது வருடத் தொடர் கண்காணிப்புக்குப் பின் 2020இல் வந்த முடிவும் அதையே சொன்னது. வேறு ஆய்வுகளில் சிறிய கூடுதல் தெரிகிறது என்பதால் இதைப் பாதுகாப்புக் கவசம் என்று விற்கவும் கூடாது. கர்ப்பப்பை உள்ளவருக்குத் தனி ஈஸ்ட்ரோஜன் ஆகாது. கர்ப்பப்பை உட்சுவரில் புற்றுநோய் வரும் என்பது 1975லிருந்தே தெரியும். அதற்காகத்தான் புரோஜெஸ்டின் சேர்க்கிறார்கள்.

“எங்கம்மா, எங்க பாட்டியெல்லாம் என்ன மாத்திரையா சாப்பிட்டாங்க? இயற்கைதானே, பொறுத்துக்க.” புள்ளிவிவரத்தைவிட இந்த வாதம்தான் வீடுகளில் செல்லுபடியாகிறது. முப்பத்தைந்து, நாற்பது வயதில் ‘இனிமே எதுக்கு’ என்று கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் எடுத்துவிட்ட பெண்ணுக்கு நடந்தது இயற்கையா? காலையில் ஆபரேஷன், சாயங்காலமே மெனோபாஸ். பக்கத்து ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் கர்ப்பப்பை அகற்றுவது நாட்டிலேயே மிக அதிகம். நம் ஊரிலும் அபூர்வமில்லை. டிஸ்சார்ஜ் சீட்டில் கால்சியம் மாத்திரை இருக்கும், இரும்புச்சத்து இருக்கும். ஹார்மோன் பற்றி ஒரு வரி இருக்காது. இப்படிச் சினைப்பைகளை இழந்தவர்களுக்கு, வேறு தடை இல்லாவிட்டால், இயல்பாக மாதவிடாய் நிற்கும் வயது வரையாவது ஈஸ்ட்ரோஜன் கொடுக்க வேண்டும் என்கின்றன வழிகாட்டிகள். கொடுக்காவிட்டால் எலும்பும் இதயமும் முன்கூட்டியே தேயும்.

மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், காரணம் தெரியாத ரத்தப்போக்கு உள்ளவர்கள், ரத்தக்கட்டோ பக்கவாதமோ மாரடைப்போ கண்டவர்கள், கல்லீரல் கெட்டவர்கள் பொதுவாக ஹார்மோன் சிகிச்சையைத் தொடக்கூடாது. இவர்களுக்கு ஹார்மோன் அல்லாத மருந்துகள் உண்டு.

ஆண்களுக்கு மட்டும் வேறு நியாயம். மனைவியிடம் கேன்சர் என்று பயமுறுத்தும் அதே வீட்டில், ஐம்பது வயதுக் கணவர் களைப்பு என்றால் டெஸ்டோஸ்டிரோன் ஊசியைப் பற்றி டானிக் மாதிரி பேசுகிறார்கள். வயதான எல்லா ஆணுக்கும் ஹார்மோன் வற்றிவிடுவதில்லை. வருடத்துக்கு ஏறத்தாழ ஒரு சதவீதம் மெல்லக் குறையும், அவ்வளவுதான். நிஜமாகவே குறைபாடு என்று சொல்ல அறிகுறியும் வேண்டும், காலை நேரத்தில் இரண்டு தனித்தனி ரத்தப் பரிசோதனைகளும் வேண்டும். 65 வயது தாண்டியவர்களுக்குக் கொடுத்துப் பார்த்து 2016இல் வெளியிட்ட ஆய்வில் பாலுறவு ஆர்வம் ஓரளவு கூடியது, தெம்பு கூடவில்லை. 2023இல் வந்த ‘டிராவர்ஸ்’ ஆய்வில் மாரடைப்பு கூடவில்லை என்பது ஆறுதல். ஆனால் இதயத் துடிப்பு தாறுமாறாவதும் நுரையீரல் ரத்தக்கட்டும் கூடியிருந்தன.

இதைவிட மோசமான தவறான எண்ணம் ஒன்று உண்டு: ஆண் ஹார்மோன் ஏற்றினால் ஆண்மை கூடும், குழந்தை பிறக்கும் என்பது. நடப்பது நேர் எதிர். வெளியிலிருந்து வந்ததைப் பார்த்து மூளை ‘போதும்’ என்று விரைகளுக்கு அனுப்பும் உத்தரவை நிறுத்திவிடும். விந்தணு உற்பத்தி படுத்துவிடும். வாராவாரம் 200 மில்லிகிராம் ஊசியை ஆண்களுக்கான கருத்தடையாகவே உலக சுகாதார நிறுவனம் சோதித்து 1990இல் முடிவை வெளியிட்டது. ஆறு மாதத்துக்குள் பெரும்பாலானோரின் விந்தணு எண்ணிக்கை பூஜ்யமானது. நிறுத்தினால் பெரும்பாலோருக்குத் திரும்பும், ஆனால் ஆறு மாதம், ஒரு வருடம், சிலருக்கு அதற்கும் மேல் ஆகும். ஜிம்மில் ஊசி போட்டுவிடுகிறவர் இதைச் சொல்ல மாட்டார். குழந்தைக்காகச் சிகிச்சைக்குப் போகிற ஆண், போட்டுக்கொண்ட ஊசியைப் பற்றித் தானே முதலில் சொல்லிவிட வேண்டும்.