கப்பல் போன பிறகு எஞ்சுவது என்ன?

விடுமுறை வந்தால் அயல்நாட்டுச் சிற்றூர்களுக்கு மருத்துவத் தொண்டு செய்யப் புறப்படுகிறார்கள், அமெரிக்கக் கிறித்தவத் திருச்சபைகளைச் சேர்ந்தோர். குவாத்தமாலா, ஹொண்டுராஸ், கென்யா - ஒரு வாரம், இரண்டு வாரம்! மேசை போடுகிறார்கள்; நாடி பார்க்கிறார்கள்; மாத்திரை தருகிறார்கள்; ஊர் திரும்புகிறார்கள்.

சொந்தக் காசைச் செலவிட்டு, முன்பின் அறியாத ஏழைக்கு மருந்து கொடுப்பவரை நாம் ஏளனம் செய்யமாட்டோம். அது நம் பண்பல்ல. ஆனால் ஒன்று கேட்கிறோம்: இரத்தக் கொதிப்புக்காரனுக்கு முப்பது நாள் மாத்திரை கொடுத்தீர்கள், முப்பத்தோராம் நாள் அவன் யாரிடம் போவான்? நாள்தோறும் வேண்டிய மருந்தை, ஆண்டுக்கொரு முறை வருபவர் எப்படித் தர முடியும்?

விடை தேடி நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. இலங்கையில், யாழ்ப்பாணத்து மானிப்பாயில் இருக்கிறது விடை!

1847ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்தார், அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன். மதம் பரப்பும் சபை அனுப்பிய ஆள்தான். அதை அவரும் மறைக்கவில்லை, நாமும் மறைக்கவில்லை. அவருடைய வேதம் அவருக்கு. அவருடைய செயலோ, நமக்குப் பாடம்!

மருந்துப் பெட்டியைத் திறந்ததோடு அவர் நிற்கவில்லை. தமிழ் கற்றார். தமிழ்ப் பிள்ளைகளுக்கு மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே போதித்தார். 1857இல் ‘பிரசவ வைத்தியம்’, 1867இல் ‘இரண வைத்தியம்’, 1872இல் ‘மனுஷ அங்காதிபாதம்’ - பேறுகாலம், அறுவை, உடற்கூறு, அத்தனையும் தமிழில்! அறுபதுக்கு மேற்பட்டோர் அவரிடம் பயின்று மருத்துவரானார்கள். 1873இல் அவர் நாடு திரும்பினார். அங்கிருந்தும் தமிழ் மருத்துவ நூற்பணியை விடவில்லை, 1884இல் மறைந்தார்.

கப்பல் போயிற்று, வைத்தியம் போகவில்லை!

தமிழில் மருத்துவம் முடியுமா என்று இன்றும் கேட்போர் உண்டு. அயல்நாட்டார் ஒருவர் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே முடித்துக் காட்டிய வேலையய்யா அது!

எனவே தொண்டு செய்யப் போகிறவர்களுக்குச் சொல்வோம்: போங்கள், தடையில்லை. அவ்வூர்ச் செவிலிக்கு, அவ்வூர் மருத்துவச்சிக்கு, அவர்கள் மொழியில் கற்றுக்கொடுத்துவிட்டு வாருங்கள்.

தோழர்களே! தலைவர்களின் பிறந்தநாளில் நாமும் மருத்துவ முகாம் நடத்துகிறோம். நமக்கும் அளவுகோல் இதுதான். எத்தனை பேர் வரிசையில் நின்றார்கள் என்பதல்ல கணக்கு. சர்க்கரை நோய் என்று முகாமில் கண்டறியப்பட்ட மூட்டை தூக்கும் தொழிலாளி, மறுவாரம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதிந்தாரா? பதியாவிட்டால் அவரை அழைத்துப் போக நம் தோழர் ஒருவர் அவர் வீட்டுக்குப் போனாரா? அதுவே கணக்கு!

பந்தல் பிரித்த மறுநாள் தொடங்குவதே தொண்டு!