மானம் போவது படத்தாலா, வண்டியாலா?

கல்கத்தாவுக்கு வரும் வெளிநாட்டுப் பிரயாணிகள் ஆசையோடு படம் பிடிக்கிறவைகளில் ஒன்று கை ரிக்ஷாவாகும். விரலில் மணியைக் கோத்து வண்டிக் கம்பில் தட்டிக்கொண்டு, ஒரு மனிதன் மாடு போல் மற்றொரு மனிதனை இழுத்து ஓடினால் அவர்கள் அதிசயப்படாமல் என் செய்வார்கள்? சிலர் ஏற வெட்கப்பட்டு நடந்தே போய்விடுகிறார்கள். வெட்கம் நல்லதுதான். ஆனால் இழுப்பவனுக்கு அதனால் கூலிதான் நஷ்டமே ஒழிய, வண்டி முதலாளிக்குக் கட்ட வேண்டிய வாடகை காலணாவும் குறைவதில்லை.

நிற்க, 1991-ல் ரிக்ஷாக்காரன் கதையை 'சிட்டி ஆப் ஜாய்' என்னும் சினிமாவாக அந்நகரில் எடுக்க வந்தபோது, ஊர் மானம் போகிறதென்று பெருங் கூச்சல் கிளம்பிற்று. கூச்சலிட்ட கனவான்கள் மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீரில் எதில் ஏறி வீடு போய்ச் சேர்ந்தார்கள் என்று கேட்கிறோம். ஏறி உட்கார்ந்தபோது போகாத மானம், அதைப் படம் பிடித்தால் மட்டும் போய்விடுமா?

மேற்கு வங்க சர்க்கார் 2006-ல் இதை ஒழிக்கச் சட்டம் செய்தது. வேறு பிழைப்பு எங்கே என்று இழுப்பவர்களே எதிர்த்தார்கள். காரியம் கோர்ட்டுக்குப் போய்த் தடைபட்டது. அவர்கள் கேட்டதில் என்ன தப்பு? தமிழ்நாட்டில் 1973-ல் கை ரிக்ஷா ஒழிந்ததென்றால், அதைப் பிடுங்கிய கையே சைக்கிள் ரிக்ஷாவும் கொடுத்தது. அதுவும் காலை ஒடிக்கும் வேலைதான். ஆனாலும் மாட்டின் ஸ்தானத்திலிருந்து மனிதன் ஆசனத்துக்கு ஏறினான். சினிமாக்காரனைத் துரத்த ஓடிய கூட்டம், இப்படி ஒரு மாற்று கேட்டு சர்க்கார் வாசலில் ஒரு நாள் நிற்கட்டுமே!